தோல் உடுப்பில் கறை பட்டால்

(மைசூர் தேவராஜ மொஹல்லாவில், சலவைக் கடைத் தொழிலாளர்களும் இஸ்திரி போடுகிறவர்களும் வீட்டு வேலை செய்யும் பெண்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



இன்றைக்குத் தோல் உடுப்பைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பின் வரிசையில் சிலர் சிரித்தீர்கள். "நம்மில் யாரிடம் தோல் கோட்டு இருக்கிறது?" என்று ஓர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். நம்மிடம் இல்லை. ஆனால் நம் கைக்கு வருகிறது.

எப்படி வருகிறது? மைசூரில் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை குளிரும். ஊட்டிக்கும் குடகுக்கும் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் தோல் ஜாக்கெட் போடுகிறார்கள். வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகள் அப்பாவுக்கு ஒரு கோட்டு வாங்கி வருகிறார்கள். அம்மாவுக்கு மெத்தென்று ஒரு கைப்பை வாங்கி வருகிறார்கள். ஒரு நாள் அதில் கறை படுகிறது. அப்போது யாரைக் கூப்பிடுவார்கள்? வீட்டில் வேலை செய்யும் அக்காவை. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணனை. சலவைக் கடையில் துணி வாங்கி வைக்கும் தம்பியை.

எனக்குத் தெரிந்த ஒரு தங்கை வீட்டு வேலை செய்கிறாள். அந்த வீட்டம்மா ஒரு நாள் பழுப்பு நிறக் கோட்டு ஒன்றைக் கொடுத்தார். அதில் சாம்பார் கொட்டியிருந்தது. "நன்றாகச் சோப்புப் போட்டுத் துவைத்து, மொட்டை மாடியில் காயப் போடு" என்றார். அவளும் சொன்னபடி செய்தாள். மாலையில் போய்ப் பார்த்தால் கோட்டு அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தது. கை இரண்டும் சுருங்கிவிட்டன. அதற்காக அவள் சம்பளத்தில் நான்கு மாதம் பணம் பிடித்தார்கள். துவைக்கச் சொன்னவருக்கும் அது தோல் என்று தெரியும். ஆனாலும் நஷ்டம் முழுவதும் துவைத்தவள் தலையில் விழுந்தது. இது அநியாயம் என்பது என் கருத்து. அடுத்த முறை அப்படி யாராவது கொடுத்தால், "இதைத் தண்ணீரில் போடக் கூடாது அம்மா, கடைக்கு அனுப்புங்கள்" என்று அவளால் காரணத்தோடு சொல்ல முடியும். அந்தக் காரணத்தைத்தான் இன்று பேசுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தோல் உடுப்பைச் சுத்தம் செய்வது தனித் தொழில். அதை நாம் வீட்டில் செய்ய முடியாது. கறை பட்ட நிமிடத்திலிருந்து கடைக்குப் போகும் வரை அது மோசமாகாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் நம் வேலை. வேலை சின்னதுதான். ஆனால் பல உடுப்புகள் கெடுவது இந்த இடைவெளியில்தான்.

இது தோலா, ரெக்சினா?

சந்தையில் தோல் மாதிரி விற்பதில் பாதி தோலே இல்லை. ரெக்சின்தான். இதைக் கண்டுபிடிக்க நெருப்பு வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அந்த வேலை வேண்டாம். உள்பக்கத் தையலை ஒட்டி, அறுத்த ஓரம் எங்காவது தெரியும். அதை வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் நெய்த துணி தெரிந்தால் ரெக்சின். பிசிறு பிசிறாக நார் தெரிந்தால் தோல். வாசனையும் சொல்லும்.

ரெக்சின் என்றால் கவலை குறைவு. ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றினால் பெரும்பாலும் போதும். அதை டிரை கிளீனிங்குக்குக் கொடுத்தால்தான் சில சமயம் ஆபத்து. அந்தத் திரவம் ரெக்சினை மெதுவாக வைத்திருக்கும் பொருளை இழுத்துவிடும். பிறகு அது விறைத்து வெடிக்கும். அதனால் ரெக்சின் என்று தெரிந்தால் கடையில் சொல்லிவிடுங்கள்.

உண்மையான தோலிலும் வகை உண்டு. மேலே வர்ணம் பூசிய தோல் ஒன்று. அது பளபளப்பாக இருக்கும். பூச்சு இல்லாமல் சாயம் மட்டும் ஏற்றிய தோல் இன்னொன்று. மூன்றாவது, தொட்டால் வெல்வெட் மாதிரி மெத்தென்று இருக்கும் தோல். அதற்கு ஸ்வேட் என்று பெயர். ஐரோப்பாவில் ஸ்வீடன் என்று ஒரு நாடு இருக்கிறது. பிரெஞ்சு மொழியில் அந்த நாட்டுக்கு ஸ்வேட் என்று பெயர். அங்கிருந்து வந்த கையுறைகளை "ஸ்வேட் கையுறை" என்றார்கள். நாளடைவில் அந்தத் தோலுக்கே அது பெயராகிவிட்டது. தோலின் உள்பக்கத்தை, அதாவது சதையை ஒட்டியிருந்த பக்கத்தை, உரசி உரசிப் பஞ்சு எழுப்பிச் செய்வதுதான் ஸ்வேட். அதன் மேல் எந்தக் காப்பும் இல்லை. பஞ்சு மாதிரி எதையும் குடித்துவிடும்.

பூச்சு உள்ளதா இல்லையா என்று சந்தேகம் வந்தால், உள்மடிப்பில் வெளியே தெரியாத இடத்தில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். முத்து மாதிரி நின்றால் பூச்சு உண்டு. உள்ளே இறங்கி அந்த இடம் கறுத்தால் பூச்சு இல்லை. ஸ்வேட்டில் இந்தச் சோதனை தேவையில்லை. தொட்டாலே தெரிந்துவிடும்.

பட்டையும் குரோமும்

செத்த மாட்டின் தோலை அப்படியே விட்டால் இரண்டு நாளில் அழுகும். அழுகாமல் செய்யும் வேலைக்குப் பதனிடுதல் என்று பெயர். நம் ஊர்களில் காலங்காலமாக ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். பட்டையில் உள்ள துவர்ப்புச் சத்து தோலின் நாரைப் பிடித்துக்கொள்ளும். பாக்கை மென்றால் நாக்கு இழுத்துப் பிடிக்கிறதே, அதே துவர்ப்புதான்.

ஆனால் பட்டையில் பதனிட்ட தோல் தண்ணீரில் ஊறிக்கொண்டே இருந்தால் சீக்கிரம் கெட்டுவிடும். கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதில் தண்ணீர் மொள்ளும் தோல் சால் அடிக்கடி கெட்டுப்போகும். ஏழை விவசாயிக்கு அது பெரிய செலவு. 1900-களின் தொடக்கத்தில் சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி, குரோமியம் உப்புப் போட்டுப் பதனிடும் புதிய முறையைக் கொண்டுவந்தார். அந்தத் தோலைக் கவலைச் சாலுக்குப் பயன்படுத்தலாம் என்பது அவருடைய நோக்கங்களில் ஒன்று. சென்னைக்குப் பக்கத்தில் குரோம்பேட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே இருந்த குரோம் லெதர் கம்பெனியால்தான் அந்த ஊருக்கு அந்தப் பெயர் வந்தது. இதே சாட்டர்டன் 1912 முதல் நம் மைசூர் சமஸ்தானத்தில் தொழில் துறை இயக்குநராக இருந்தார். இங்கே சந்தன எண்ணெய்த் தொழில் தொடங்கியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. மைசூர்க்காரர்களுக்குச் சந்தனம் நினைவிருக்கிறது, தோல் நினைவில் இல்லை.

இன்று தமிழ்நாட்டில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, ஈரோடு, திண்டுக்கல் பக்கமெல்லாம் இந்தத் தொழில் நடக்கிறது. சென்னை அடையாற்றில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. நாம் போடும் செருப்பின் மேல்தோல், ஜாக்கெட், கையுறை எல்லாம் பெரும்பாலும் குரோம் பதனம்தான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்? இரண்டு காரணம்.

ஒன்று, பதனிட்ட பிறகு தோலுக்குள் எண்ணெய் ஏற்றுவார்கள். அந்த எண்ணெய்தான் தோலை வளைய விடுகிறது. சோப்புத் தண்ணீரில் அமுக்கித் துவைத்தால் அந்த எண்ணெய் வெளியே போய்விடும். வெயிலில் வைத்தால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். என் தங்கை துவைத்த கோட்டு அப்பளமானது இதனால்தான். தோல் சலவை தெரிந்த கடைக்காரர் சுத்தம் செய்த பிறகு மறுபடியும் எண்ணெய் ஏற்றுவார். நம்மிடம் அதற்கு வழி இல்லை.

இரண்டாவது காரணம் இரும்பு. கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து அந்தக் காலத்தில் எழுதும் மை காய்ச்சினார்கள். துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பு பிறக்கும். இப்போது பட்டையில் பதனிட்ட தோல் பையில் ஈரத்தோடு ஒரு ஊக்கைக் குத்தி வைத்தால் என்ன ஆகும்? பைக்குள்ளேயே மை காய்ச்சியதாகும். அந்தக் கறுப்புப் புள்ளியை நாம் எடுக்க முடியாது. சலவைக் கடையில் அடையாளச் சீட்டை ஊக்கு வைத்துக் குத்தும் பழக்கம் உண்டு. தோலுக்கு அது வேண்டாம். பொத்தான் ஓட்டையில் நூல் கோத்துக் கட்டுங்கள். ஊக்குக் குத்தினால் ஓட்டையும் விழும். துணியில் ஓட்டை நூல் நகர்ந்து மூடிவிடும். தோலில் மூடாது.

குங்குமமும் மஞ்சளும்

நம் பகுதியில் மிக அதிகமாக வரும் கறைக்கு வருகிறேன். தேவராஜ மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் தட்டுத் தட்டாகக் குங்குமம். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று கோபுரமாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் படம் எடுக்கக் குனிகிறார்கள். கோட்டின் கை ஒரு தட்டில் படுகிறது. சின்னக் கடியாரத்தைத் தாண்டி வருவதற்குள் எச்சில் தொட்டுத் துடைத்துவிடுகிறார்கள். அதோடு முடிந்தது.

குங்குமம் உலர்ந்து இருக்கும் வரை அது வெறும் தூள். தோல் மேல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஈரம் பட்டவுடன் அது சாயம். ஆகவே தொடாதீர்கள், ஊதுங்கள். பிறகு தூள் பட்ட பக்கம் கீழே பார்க்கும்படி உடுப்பைப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து விரலால் தட்டுங்கள். பெரும்பகுதி கொட்டிவிடும். மீதியை உலர்ந்த, மெதுவான புது டூத் பிரஷ்ஷால் ஒரே திசையில் தட்டி விடுங்கள். வட்டமாகத் தேய்த்தால் தூள் பஞ்சுக்குள் புதையும். அதற்கு மேல் போகாவிட்டால் விட்டுவிடுங்கள். அதைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார்.

மஞ்சள் கறை பட்ட வேட்டியில் சோப்புப் போட்டால் சிவப்பாக மாறுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஏன் மாறுகிறது? சோப்பில் காரம் இருக்கிறது. மஞ்சள் காரத்தைப் பார்த்தால் சிவக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும், ஆரத்தித் தட்டில் தண்ணீர் சிவப்பதும் இதே கதைதான். நீங்கள் பள்ளிக்கூடம் போகாமலே செய்து பார்த்த ரசாயனப் பாடம் இது. தோல் லேசான புளிப்புத் தன்மை உள்ளது. காரம் அதற்கு ஆகாது. ஆகவே சோப்பு மஞ்சளையும் எடுக்காது, தோலையும் கெடுக்கும்.

மஞ்சள் கறை பட்ட வேட்டியை வெயிலில் போட்டால் வெளுத்துவிடும். அந்த உபாயமும் இங்கே கூடாது. மஞ்சள் வெளுப்பதற்கு முன்னால் தோலின் சாயம் வெளுத்துப் போகும். சாம்பார், குழம்பு கொட்டினால் இப்படிச் செய்யுங்கள். பருப்பு, காய் எல்லாவற்றையும் கரண்டியின் ஓரத்தால் மேலாக அள்ளுங்கள். வெள்ளைத் துணியை வைத்து ஒற்றுங்கள். தேய்க்காதீர்கள். துணியின் புதுப் பக்கத்தை மாற்றி மாற்றி ஒற்றுங்கள். துணியில் நிறம் ஏறுவது நின்றதும் நிறுத்துங்கள். சாம்பாரில் எண்ணெயும் இருக்கிறது. அதற்கு அடுத்து என்ன செய்வது என்று சொல்கிறேன்.

எண்ணெய்ப் பிசுக்கு

தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெய் காலரில் இறங்கும். வடை எண்ணெய், மோட்டார் சைக்கிள் செயின் கிரீஸ், விளக்கு எண்ணெய் எல்லாம் தோலுக்குள் நடந்து போகும். நேரம் ஆக ஆகப் பரவும். அதனால் எண்ணெயில் மட்டும் அவசரம் நல்லது.

முதலில் துணியால் ஒற்றுங்கள். பிறகு உடுப்பைச் சமமாகப் படுக்க வைத்து, கறை மேல் சோளமாவு தூவுங்கள். கார்ன்ஃப்ளவர் என்று மளிகைக் கடையில் விற்கிறதே, அது. இல்லாவிட்டால் முகத்துக்குப் போடும் பவுடர் போதும். அரை விரல் கனத்துக்கு மூடி, அப்படியே ராத்திரி முழுவதும் விடுங்கள். அழுத்தாதீர்கள். மாவு எண்ணெயை மெல்ல மெல்ல மேலே இழுக்கும். காலையில் தட்டிவிட்டுப் பாருங்கள். கறை மங்கியிருந்தால் புது மாவு போட்டு இன்னொரு முறை விடலாம். கடைசியில் மாவு முழுவதையும் பிரஷ்ஷால் எடுத்துவிட வேண்டும். மிஞ்சினால் பூச்சி வரும், எறும்பு வரும்.

முன் வரிசையில் ஓர் அக்கா கை தூக்குகிறார். "கடலை மாவு போடலாமா?" என்கிறார். வேண்டாம் அக்கா. கடலை மாவுக்கே மஞ்சள் நிறம் உண்டு. கொஞ்சம் ஈரம் இருந்தால் பசையாகிவிடும். சீயக்காய்த் தூளும் வேண்டாம். அதுவும் நிறம் விடும்.

காலரில் வருடக்கணக்கில் ஏறிய பிசுக்குக்கு இந்த மாவு உதவாது. அது கடைக்குத்தான் போக வேண்டும்.

தண்ணீர், சேறு, மற்றவை

ஸ்வேட் மழையில் நனைந்தால் பயந்துபோய் அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். துண்டால் ஒற்றுங்கள். அகலமான ஹேங்கரில் தொங்க விடுங்கள். நிழலில், காற்றோட்டமாக, தானாகக் காயட்டும். ஒரு நாள் ஆனாலும் ஆகட்டும். கைகளுக்குள் உருவம் நிற்க வேண்டும் என்றால் பழைய வெள்ளைத் துணியைத் திணியுங்கள். செய்தித்தாள் திணித்தால் அச்சு மை ஒட்டும். காய்ந்த பிறகு பஞ்சு படிந்திருந்தால் பிரஷ்ஷால் ஒரே திசையில் எழுப்பலாம். லேசான அடையாளத்துக்குப் பிள்ளைகளின் பென்சில் ரப்பர் நன்றாக வேலை செய்கிறது. வெள்ளை ரப்பராக இருக்க வேண்டும். சிவப்பு, பச்சை ரப்பர் தன் நிறத்தைவிட்டுப் போகும்.

சேறு பட்டால் ஈரமாக இருக்கும்போது தொடவே கூடாது. காய்ந்தால் தானே உதிரும். மெழுகுவர்த்தி சொட்டினாலும் அப்படித்தான். இறுகட்டும், பிறகு நகத்தால் மெதுவாகப் பெயர்க்கலாம். சூயிங்கம் என்றால் ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மேலே வையுங்கள். கம் கல்லாகிவிடும். காப்பி, தேநீர், ரத்தம் எல்லாம் ஒற்றுவதோடு சரி. பூச்சு உள்ள தோலாக இருந்தால், குளிர்ந்த தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் ஒரு முறை ஒற்றலாம். வெந்நீர் கூடாது. வெற்றிலைச் சாறும் அப்படியே. அதன் மேல் சுண்ணாம்போ எலுமிச்சையோ தேய்க்கச் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

பேனா மை கையெழுத்து மாதிரி. ஒரு முறை போட்டால் போட்டதுதான். நெயில் பாலிஷ் எடுக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைக்கிறவர்கள் உண்டு. மை போகும், கூடவே தோலின் வர்ணமும் போகும். பிறகு அந்த வெள்ளை வட்டத்தை நம்மால் மறைக்க முடியாது. மையை அப்படியே விடுங்கள்.

மழைக்காலத்தில் அலமாரியில் வைத்த கோட்டில் வெள்ளையாகப் பூசணம் பூக்கும். அதை வீட்டுக்குள் தட்டினால் மூச்சில் போகும். மூக்கை மூடிக்கொண்டு, வெளியே கொண்டுபோய், உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் காற்றாட விடுங்கள். துடைத்த துணியைத் தனியாகத் துவையுங்கள். திரும்ப வைக்கும்போது பிளாஸ்டிக் உறை வேண்டாம். பழைய பருத்திப் படுக்கை விரிப்பில் சுற்றினால் போதும்.

நெருப்பும் பெட்ரோலும்

இஸ்திரி அண்ணன்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பருத்திக்கு வைக்கிற சூடு 200 டிகிரி வரை போகும். பட்டையில் பதனிட்ட தோல் ஈரமாக இருந்தால் 75 முதல் 85 டிகிரியிலேயே சுருங்கிவிடும். சுருங்கினால் திரும்பி வராது. குரோம் தோல் இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும். ஆனால் மேல்பூச்சு தாங்காது. பெட்டியில் ஒட்டிக்கொண்டு வரும். "லேசாக ஒரு இழுப்பு இழுத்துக் கொடுங்கள்" என்று கேட்பார்கள். முடியாது என்று சொல்லுங்கள். சுருக்கம் போக ஹேங்கரில் இரண்டு நாள் தொங்கினால் போதும்.

எண்ணெய்க் கறைக்குப் பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. தோலுக்குள் ஏற்றிய எண்ணெயையும் அது கரைக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாது. தரையோடு தரையாகப் போகும். நம் வண்டியில் கரி கனன்றுகொண்டிருக்கும். கோட்டை விடுங்கள், கை போனால் யார் தருவார்கள்?

கடையில் கொடுக்கும்போது

டிரை கிளீனிங் என்றால் உலர்ந்த சலவை என்று நினைக்கிறோம். உடுப்பு நனையத்தான் செய்கிறது. தண்ணீருக்குப் பதில் வேறு திரவத்தில் நனைகிறது. எந்தக் கறைக்கு எந்த மருந்து என்று பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும். அதற்கு அவருக்கு நம்மிடமிருந்து மூன்று செய்தி வேண்டும். என்ன கொட்டியது? எப்போது கொட்டியது? அதன் மேல் நாம் என்ன போட்டோம்? மூன்றாவதைத்தான் எல்லோரும் மறைக்கிறார்கள். திட்டுவார்கள் என்ற பயம். மாவு போட்டேன், தண்ணீர் தொட்டேன் என்று அப்படியே சொல்லிவிடுவதுதான் பாதுகாப்பு. வைத்தியரிடம் சாப்பிட்ட மாத்திரையை மறைப்போமா?

எல்லா சலவைக் கடையிலும் தோல் வேலை செய்ய மாட்டார்கள். சில கடைகள் வாங்கி வெளியூருக்கு அனுப்புகின்றன. "தோல் நீங்களே செய்கிறீர்களா, அனுப்புகிறீர்களா?" என்று கேட்பதில் தவறில்லை. கோட்டும் பாவாடையும் ஜோடியாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே கொடுக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் போனால் நிறம் கொஞ்சம் மாறி, ஜோடி கெடும்.

இன்னொன்றும் உடுப்புக்காரரிடம் முன்னாலேயே சொல்ல வேண்டும். ஒரு ஜாக்கெட் பல தோல்களில் செய்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆட்டின், மாட்டின் உடம்பு. முள் கீறியிருக்கும். உண்ணி கடித்திருக்கும். தொழிற்சாலையில் அந்தத் தழும்பை நிரப்பி மறைத்திருப்பார்கள். சுத்தம் செய்யும்போது நிரப்பியது வெளியே போனால் தழும்பு தெரியும். முதுகுத் தோல் இறுக்கமாகவும் வயிற்றுத் தோல் தளர்வாகவும் இருப்பதால் ஒரு பக்கம் கொஞ்சம் சுருங்கவும் கூடும். இது கடைக்காரரின் தவறு இல்லை. துவைக்கக் கொடுத்துவிட்டு வந்தவரின் தவறும் இல்லை.

வாங்குகிற இடத்தில் இருக்கும் தம்பிகள் உடுப்பை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். கிழிசல், தேய்மானம், பழைய கறை இருந்தால் ரசீதில் எழுதுங்கள். கொடுத்தவரைக் காட்டச் சொல்லி, செல்போனில் ஒரு படம் எடுங்கள். கொடுக்கப் போகும் அக்காக்களும் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் ஒரு படம் எடுங்கள்.

ரசீதின் அடியில் பொடி எழுத்தில் "பொருளின் பொறுப்பு உரிமையாளரையே சேரும்" என்று அச்சடித்திருப்பார்கள். அந்த வரியால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடிவிடாது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. காசு கொடுத்துச் சலவைக்குக் கொடுத்தவர் நுகர்வோர்தான். குறை இருந்தால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். முதலில் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து யோசனை கேட்கலாம். ரசீது இல்லாமல் போனால் பேச்சு எடுபடாது. அதனால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

துண்டுச் சீட்டு

கடைசியாக ஒரு வேலை. ஒரு துண்டுக் காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். தோல் உடுப்பு கைக்கு வந்தால் அதில் நாலு வரி எழுதிப் பையில் வையுங்கள். இந்த மாதிரி:

பழுப்பு ஸ்வேட் கோட்டு. வலது கை.
தேங்காய் எண்ணெய். புதன்கிழமை ராத்திரி.
சோளமாவு மட்டும் போட்டேன். தண்ணீர் படவில்லை.
இடது பையில் பழைய கிழிசல் இருந்தது.

தமிழில் எழுதுங்கள், கன்னடத்தில் எழுதுங்கள், எது வருகிறதோ அதில். கீழே தேதி போடுங்கள். கொடுத்தவரிடம் படித்துக் காட்டி, அவர் பெயரையும் எழுதி வாங்குங்கள். என் தங்கையிடம் அன்று இப்படி ஒரு சீட்டு இருந்திருந்தால், துவைக்கச் சொன்னது யார் என்ற பேச்சாவது எழுந்திருக்கும்.

பேச்சு போதும். கடையில் யாரும் கேட்டு வராமல் கிடந்த பழைய ஸ்வேட் துண்டு சிலவற்றைக் கொண்டுவந்திருக்கிறேன். ஒரு தட்டில் குங்குமம் இருக்கிறது, ஒரு கிண்ணத்தில் எண்ணெய் இருக்கிறது. மாவும் பிரஷ்ஷும் இந்த மேஜை மேல் இருக்கின்றன. நாலு நாலு பேராக முன்னால் வாருங்கள். எண்ணெய் சொட்டிய துண்டுகளை மாவோடு இங்கேயே வைத்துவிட்டுப் போகலாம். நாளைக் காலை ஏழு மணிக்குக் கதவு திறந்திருக்கும். வேலைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.